எலெனி டொக்டரும் சலூன் கதிரையும்

எலெனிக்குத் தமிழ் படிப்பித்தது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அவளுடைய தகப்பன் மிஹாலிஸ். எங்களுக்கு மைக்கல் அங்கிள். கடற்பஞ்சு எடுப்பதற்காகக் கிரேக்கத் தீவொன்றிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறிய சுழியோடிகளின் வழி வந்தவர். எழுபதுகளில், துறைமுகத்தின் அடியில் கிடந்த பழைய கப்பல் இரும்பை வெட்டி எடுக்கும் வேலைக்குத் திருகோணமலை வந்தார். மனைவி இல்லை. ஒரே மகளைக் கையோடு கூட்டி வந்து எங்கள் அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தார். அவர் கடலுக்குள் இறங்கினால் எலெனி எங்கள் குசினிக்குள் வந்துவிடுவாள். இருவருக்கும் ஏழு வயது. அவள் முதலில் பழகிய தமிழ்ச் சொல் "தா". அடுத்தது "ஏலாது". இந்த இரண்டையும் வைத்தே உம்மாவை ஆட்டிப் படைத்தாள்.

ஒருமுறை அவளுக்குக் கன்னம் வீங்கிப்போய், உம்மா எங்கள் இருவரையும் பல் டொக்டரிடம் கூட்டிப் போனா. "பிள்ளையை அமத்திப் பிடியுங்கோ" என்றார் அவர். எலெனி அவருடைய விரலைக் கடித்துவிட்டுத் தெருவில் இறங்கி ஓடினாள். முக்காடு நழுவ நழுவ உம்மா பின்னால் ஓடியதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

நாலைந்து வருடத்தில் வேலை முடிந்து அவர்கள் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். சில வருடங்கள் வாழ்த்து அட்டைகள் வந்தன. பிறகு சண்டை, இடப்பெயர்வு. நாங்களே ஊர் ஊராக அலைந்தபோது எந்த அட்டை எங்களைத் தேடி வரும்?

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், ஓகஸ்ட் மாத வெயிலில், நாங்கள் திரும்பி வந்திருந்த பழைய வீட்டு வாசலில் பாதி நரைத்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி நின்றாள். என் மகள் நிப்லா ஆங்கிலத்தில் யார் வேண்டும் என்று விசாரித்தாள்.

"ஸல்ஹா இரிக்கிறாளா?" என்று கேட்டாள் வந்தவள்.

நிப்லா உள்ளே ஓடி வந்தாள். "உம்மா, ஒரு வெள்ளைக்காரி எங்கட தமிழ் கதைக்கிறா!"

அன்று நாங்கள் அழுது முடிய நேரம் எடுத்தது. என்ன தொழில் என்று கேட்டேன். சொன்னாள். எனக்கு நம்ப முடியவில்லை.

"பல் டொக்டரா? நீயா?"

"ஓம். கடி வாங்க எனக்குப் பயமில்ல. கடிச்சவள்தானே."

அதிலிருந்து ஒவ்வொரு ஓகஸ்டும் வந்தாள். விடுமுறையை எங்களூரில் பல் பிடுங்கியே கழித்தாள். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். ஆண் டொக்டருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்பட்டு, வருடக்கணக்காகக் கிராம்பை வைத்து வலியை அடக்கியவர்கள். நான் பக்கத்தில் நின்று அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வேன். எலெனி யாரையும் அமத்திப் பிடிக்க விட்டதில்லை. "நொந்தால் கையைத் தூக்குங்க, நான் நிப்பாட்டுறன்" என்பாள். தூக்கினால் உண்மையாகவே நிறுத்துவாள்.

ஒரு வருடம் சல்லி என்ற மீனவக் கிராமத்தில், ஒரு மண்டபத்தில் முகாம். ஒரு தொண்டு நிறுவனம் பல் வைத்தியக் கதிரையும் விளக்கும் தந்திருந்தது. கருவாடு காயவைக்கும் கனகம்மா அக்காவின் முறை வந்தது. முன்பற்கள் சொத்தையாகி, சேலைத் தலைப்பால் வாயை மூடியே பழகிப்போன மனுஷி. மெல்ல மெல்லக் கதைகொடுத்து எலெனி அவவைச் சாய வைத்த நேரம், நிறுவனத்துக்காரர் இருவர் கெமராக்காரனோடு உள்ளே வந்தார்கள்.

"அம்மா, வாயை நல்லாத் திறங்கோ" என்றான் கெமராக்காரன்.

கனகம்மா அக்கா வாயை இறுக மூடினா. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. எலெனி எழுந்து கெமராவுக்குக் குறுக்கே நின்றாள்.

"படம் இல்லாட்டி நாங்கள் இந்தச் சாமானெல்லாம் எப்படித் தாறது, டொக்டர்?" என்றார் அதிகாரி.

"சாமான் உங்கட. வாய் அவவின்ட" என்றாள் எலெனி.

அதிகாரி கையைக் காட்டினார். கதிரையை மடித்து, விளக்கைக் கழற்றி, தாங்கள் வந்த வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மண்டபம் நிறையப் பெண்கள் கன்னத்தில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எலெனி என் பக்கம் திரும்பினாள். "ஸல்ஹா, நான் பிழை விட்டுட்டனா? இவ்வளவு பேரும் வலியோட வந்திருக்காங்க."

"பிழையில்ல. கொஞ்சம் பொறு."

என் தம்பியின் மகன் ஸப்வான் நகரத்தில் சலூன் வைத்திருக்கிறான். அவனுக்குப் போன் எடுத்தேன். "உன்ட சாய்கதிரையைக் கழட்டிக்கொண்டு சல்லிக்கு வா."

"மாமி, அதில ஆள் இருக்கிறார்! ஒரு பக்கம்தான் வழிச்சிருக்கிறன்."

"அவரையும் கூட்டிக்கொண்டு வா."

வந்தான். சலூனுக்குப் பக்கத்துக் கடை அலியாரின் சின்ன லொறியில் கதிரை வந்தது. அதைப் பிடித்தபடி ஒரு கன்னம் மழுமழுவென்றும் மறு கன்னம் தாடியுமாக அந்த மனிதரும் வந்து, இறக்கவும் கைகொடுத்தார். சல்லி மீனவர்கள் தோணி விளக்கையும் பற்றரியையும் தூக்கி வந்து தந்தார்கள். மண்டபமே சிரித்தது. வலியோடு சிரித்தது.

எலெனி கதிரையைத் துடைத்துச் சுத்தமான துணி விரித்தாள். யார் முதலில் என்று கேட்க முன்னமே கனகம்மா அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டா.

"பிள்ளை, இதில தலைமயிரையும் வெட்டுவியளோ?"

"பல் மட்டும்தான் அக்கா. மயிருக்கு ஸப்வானைக் கேளுங்க."

இருட்டுவதற்குள் வந்த எல்லோரையும் பார்த்து முடித்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு என் தோளில் சாய்ந்தவள் அப்படியே நித்திரையாகிப்போனாள். அடுத்த வருடம் அந்த நிறுவனம் வரவில்லை. யாரும் தேடவும் இல்லை. ஓகஸ்ட் என்றால் ஸப்வானின் கதிரை லொறி ஏறும் என்பது ஊர்வழக்கமாகிவிட்டது. அந்த நாட்களில் சேவ் எடுக்க வருகிறவர்கள் சலூனின் மர வாங்கில் உட்கார்ந்து எடுத்தார்கள்.

போன வருடம் அவள் வரவில்லை. சுகமில்லை என்றாள். இந்தப் பங்குனியில் அவளுடைய மகள் போன் எடுத்து, அவள் காலமான செய்தியைச் சொன்னாள். நான் வாசல்படியில் உட்கார்ந்தவள் பின்னேரத்து அஸர் பாங்கு கேட்கும்வரை எழும்பவில்லை.

அவளுடைய கிரேக்கக் கிறிஸ்தவ சபைக்கு இங்கே கோவில் இல்லை. நகரத்துக் கத்தோலிக்கத் தேவாலயத்தில் எங்கள் தெரு ஹெக்டரும் மனைவி சீலாவும் ஒரு வழிபாட்டுக்கு ஒழுங்கு செய்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பல்லெல்லாம் எலெனி பார்த்ததுதான். நான் போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். கிண்ணியாப் பெண்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். இடம் போதாமல் பலர் வெளியே மரநிழலில் நின்றார்கள். ஒரு அமெரிக்க டொக்டருக்கு இவ்வளவு சனமா என்று ஃபாதர் திகைத்துப்போனார். ஊருக்குப் புதியவர்.

"டொக்டரின் குடும்பத்தார் யாராவது வந்திருக்கிறீங்களா?" என்று கேட்டார்.

நான் எழும்பினேன். என் முக்காட்டைப் பார்த்துவிட்டு அவர் தயங்கினார்.

"நீங்கள் அவவுக்கு என்ன முறை, அம்மா?"

"சகோதரி, ஃபாதர்."

அவர் கையை நீட்டி முன்வாங்கைக் காட்டினார். நான் நடுவால் நடந்து போனேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.