தமிழர் வராத மருந்துக்கடை

இல்-பிசார் தீவின் மருந்துக்கடைக்குள் ஒரு தமிழ் மீசையைக் கண்டதும் மிதுசன் இருமினான். இருமல் வரவில்லை, அங்கே வந்ததற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் வீட்டுக்குக் கீழேயே மருந்துக்கடை இருக்க, மெத்ரோவும் பஸ்ஸும் மாறி அவன் தினமும் இந்தத் தீவுக்கு வருவது ஒரேயொரு தகுதிக்காக: இங்கே தமிழர் வருவதில்லை.

மீசைக்காரரும் இருமினார்.

"தடிமனோ அண்ணை?"

"ஓம் தம்பி. உமக்கும் அதுவோ?"

"அதுதான்."

மருந்தாளர் எலிசா ஆளுக்கொரு மாத்திரையை நாக்குக்குக் கீழே வைக்கச் சொல்லி, கரையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். சளித் தடிமனுக்கு உலகில் எங்கும் இப்படிக் காவல் போடுவதில்லை. வெயர்ஹவுஸ் வேலையில் அடிபட்ட முதுகுக்கு எடுத்த வலிமாத்திரை மிதுசனை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியைத் தளர்த்தும் மருந்து இது. கரையும்வரை பேசக்கூடாது. இரண்டு யாழ்ப்பாணத்தார் அருகருகே உட்கார்ந்தும் எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரிக்காமல் இருந்தது மொன்றியலில் முதல் தடவையாக இருக்கலாம்.

அப்போது லூக் வந்தான். மிதுசனுக்குப் பிறகு சிகிச்சை தொடங்கிய வெள்ளைக்காரன். அதே மாத்திரைகளை ஒரு வாரத்துக்குப் பையில் போட்டுக்கொண்டு விசிலடித்தபடி போனான்.

மாத்திரை கரைந்ததும் மீசைக்காரருக்குத் தடிமனும் சுகமாகிவிட்டது. "நான் அருமைநாதன். அவனுக்கு மட்டும் ஏன் மருந்தை வீட்டுக்குக் குடுத்துவிடுகினம்?"

"வீட்டில கனபேர் இருக்கினம், மருந்து பத்திரமா இராதெண்டு எனக்குச் சொன்னவை."

"எனக்கும் அதே பாட்டுத்தான்."

"திங்கள் காலமை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிச் சலவையில புது வேலை தொடங்குது அண்ணை. இந்தக் கடை திறக்கிறதே ஒன்பதுக்கு. காலமை மருந்து எடுக்காம வேலை செய்யேலாது."

"கேட்டுப் பாக்கேல்லையோ?"

"கேக்கப்போய் உள்ளதையும் நிப்பாட்டிட்டா?"

அருமைநாதன் எழுந்தார். அவருடைய பிரெஞ்சு அவருடைய பனிச்சப்பாத்தைப் போன்றது, அழகில்லை, வழுக்காது. லூக்கின் வீட்டில் எத்தனை பேர் என்று எலிசாவிடம் கேட்டார்.

"அவரைப் பற்றிச் சொல்லக்கூடாது," என்றாள் எலிசா. காது சிவந்தது. "ஆனால் அந்தக் கேள்வியை நாங்கள் எல்லோரிடமும் கேட்பதில்லை."

இருவரையும் பார்க்கும் வைத்தியருக்குத் தொலைபேசினாள். வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினாள். வைத்துவிட்டு, "இருவரும் இனி வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். ஆள்கணக்கு இனி வேண்டாம். எல்லோருக்கும் ஒரே கேள்வி: பூட்டி வைக்க இடம் இருக்கிறதா?" என்றாள்.

பூட்டா? வீட்டில் அம்மா குணேஸ்வரியின் நகை அலுமாரி இருந்தது. பூட்டின் திறப்பு அம்மாவின் இடுப்பில். அப்பாவே மனுப் போட்டுத்தான் உள்ளே எட்டிப் பார்ப்பார். கனடிய வங்கிகள் வந்து பாடம் படிக்கலாம். ஆனால் அதற்கு அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

மிதுசன் வெளியே வந்து அழைத்தான்.

"அம்மா, உங்கட அலுமாரியில ஒரு தட்டு வேணும்."

"ஆரடா பொம்பிளை?"

"பொம்பிளை இல்லையம்மா. மருந்து. அந்த முதுகு வலிக் குளிசையை விடேலாமப் போச்சு. அதை விடுறதுக்கு."

மறுமுனையில் திறப்புக்கொத்து குலுங்கியது. அலுமாரிக் கதவு முனகியது. நகைப்பெட்டிகள் ஒவ்வொன்றாக நகரும் ஓசை.

"எவ்வளவு பெரிய பெட்டி?" என்றாள் அம்மா. "நடுத்தட்டில காப்புகளைத் தள்ளி வைக்கிறன்."

தொலைபேசியில் தெரியாது என்று தெரிந்தும், மிதுசன் கொட்டும் பனியில் நின்று இரண்டு விரல்களை விரித்து அளவு காட்டினான்.