கட்டில் மட்டத்துச் சாளரம்

கதிரவன் மேலைக் குன்றின்பால் சாயச் சாய, பகலெல்லாம் காய்ந்து கிடந்த தகரக் கூரைகள் மெல்ல வெம்மை தணிய, ஆலைகளின் வாயில்களினின்று களைத்த மாந்தர் சாரிசாரியாய் வெளிப்பட, இரு நாடுகளின் விளிம்பில் அமைந்த அந்நகர் புழுதியும் இரைச்சலுமாய் மாலையை எதிர்கொண்டது. தெருவென்றும் முற்றமென்றும் பாராது அதன் நடுவே நெடிய இரும்புவேலி ஒன்று ஓடிற்று. வேலிக்கு இப்பால் ஒரு சரிவு, அப்பால் ஒரு சரிவு. ஈரிடத்தும் ஒரே வகைக் குடில்கள், ஒரே வகை வறுமை. அவ்வேலியைக் கடப்பதற்கு வேண்டிய இசைவுச்சீட்டு ஏழைகளுக்கு எளிதில் வாய்ப்பதன்று.

இப்பால் சரிவில், ஆடை தைக்கும் ஆலையொன்றில் பணிசெய்யும் பெண்ணொருத்தி தன் தந்தையோடு வாழ்ந்து வந்தாள். வண்டிகளில் மூட்டை ஏற்றி இறக்கி உரமேறிய உடம்பினராகிய அத்தந்தை, ஒருநாள் சுமையோடு தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின், கட்டிலே உலகமாய்க் கிடந்தார். அவர்களது தகரக் குடிலின் நிலை கேட்டு மனமிரங்கிய தொலைவூர்த் திருச்சபையார் சிலர், தத்தம் விடுப்பையும் கைப்பொருளையும் செலவிட்டு, மரத்தால் ஒரு நல்வீடு அமைத்துத் தர வந்திருந்தனர். அவர்தம் தலைவர் ஒரு தச்சர். எதையும் இருமுறை அளக்காமல் தொடாதவர் ஆதலின் 'அளவுகோல்' என்பதே அவர்க்குப் பெயராய் நிலைத்துவிட்டது. குழம்புக்கு உப்பிடும்போதும் அவர் எட்டிப் பார்ப்பதாகக் குழுவின் சமையற்கார அக்காள் குறைப்பட்டுக்கொள்வாள்.

பழங்குடிலைப் பிரித்தபோது, வேலியை நோக்கிய தகரத்தில் முறத்தளவு ஓட்டை ஒன்று இருக்கக் கண்டு அனைவரும் உள்ளம் நொந்தனர். எத்துணைக் காற்றும் புழுதியும் அவ்வழியே அம்முதியவர்மேல் வீசியிருக்கும் என்று எண்ணிய அளவுகோலார், அப்புறத்துச் சுவரை மட்டும் இரட்டைப் பலகையாய் அமைத்து, இடையே பஞ்சு திணித்து, ஊசி நுழையவும் இடமின்றி அடைத்தார். தாம் எழுப்பிய சுவர்களுள் அதுவே தலையாயது என்னும் பெருமிதம் அவர்க்கு உண்டு. வேலை நடந்த நாள்களில் தந்தை அண்டை வீட்டில் கிடந்தார். மகளோ விடியுமுன் ஆலைக்குச் சென்று விளக்கேற்றியபின் திரும்புபவள். அவள் கண்டபோது சுவர் எழுந்துவிட்டிருந்தது. கண்டும் அவள் வாய் திறக்கவில்லை.

நிறைவு நாளன்று ஆலைக்கு விடுப்புச் சொல்லி அவளும் உடனிருந்தாள். உடன்வந்த திருச்சபை ஆயர் இறைவேண்டல் செய்து திறவுகோலை அவள் கையில் அளிக்க, நால்வர் கட்டிலோடு தந்தையைச் சுமந்துவந்து பழைய இடத்திலேயே இறக்கினர். அவர் கூரையைப் புகழ்ந்தார், கதவைப் புகழ்ந்தார், பின்னர்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் பலகையைக் கையால் தடவித் தேடினார்.

"ஐயா, வீடு பிடிக்கலையா?" என்றார் அளவுகோலார்.

"இதைக் குறை சொன்னா எனக்கு நல்ல சாவே வராது, தம்பி. ஒண்ணு மட்டும் கேக்கறேன். இங்க இருந்த ஓட்டை எங்க?"

தச்சர்க்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளே தலைகுனிந்தவாறு விளக்கினாள்.

"என் கூடப் பிறந்த அக்கா எதிர்ச் சரிவுல துணி வெளுக்கற இடத்துல வேலை பாக்கறா. பொழுது சாயறப்ப, கடைசியா ஒரு மஞ்சத் துணி காயப்போடுவா. நல்லா இருக்கேன்னு அர்த்தம். அப்பா அந்த ஓட்டை வழியா கைய நீட்டி ஆட்டுவார். இத்தனை நாளா கை தெரியாம அங்க அவ என்ன நினைச்சுக்கிட்டிருக்காளோ."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

"சும்மா வந்து வீடு கட்டித் தர்றவங்ககிட்ட, ஓட்டை வேணும்னு எப்படிண்ணே கேக்கறது?"

வெளியே ஊர் திரும்பும் வண்டி ஆயத்தமாய் நின்றது. ஞாயிறும் குன்றைத் தொட ஒரு முழமே இருந்தது. அளவுகோலார் தம் அருமைச் சுவரை ஒருகணம் நோக்கினார். நோக்கியவர் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளிப் படுங்க."

"கட்டில் தாங்குமான்னு பாத்துக்குங்க, தம்பி. இதுக்கு மட்டுந்தான் நீங்க அளவே எடுக்கலை."

நகைப்பொலி அடங்குமுன் தச்சர் முதியவரின் பக்கத்தே மல்லாந்து படுத்தார். "எந்தப் பக்கம்னு கை காட்டுங்க" என்றார். தந்தை சற்றும் தயங்காது சுவரை நோக்கிக் கை நீட்டினார். அவ்விரல் நுனி காட்டிய இடத்தில், நிற்பவரின் முழங்காலுயரத்தில், கோடுகள் விழுந்தன. வாள் இறங்கிற்று. ஆயர் தூள் பெருக்க, சமையற்கார அக்காள் பஞ்சைப் பிடுங்கிப் பிடுங்கி எறிய, ஊசியும் நுழையாத அச்சுவர் வாய் திறந்தது.

எதிர்ச் சரிவில் வெள்ளைத் துணிகள் அசைந்துகொண்டிருந்தன. அவற்றிடையே ஒருத்தி, மஞ்சள் துணியைக் கொடியில் போடாமல் கையிலேயே ஏந்தியவளாய், இவ்வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தந்தை புதிய சாளரத்தின் வழியே கையை நீட்டி அசைத்தார். அவள் அத்துணியை முகத்தில் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே தரையில் அமர்ந்துவிட்டாள். நெடுநேரம் எழவில்லை. பின்னர் எழுந்து, அதனைக் கொடியின் நடுவே விரித்துப் போட்டாள். இப்பால், தந்தை மகளிடம் சோறு கேட்டார்.

அறிவுடையீர், ஈகை இனிது. ஆயின் கொடுப்பவர் நின்று காணும் உலகு வேறு, பெறுபவர் கிடந்து காணும் உலகு வேறு. அன்றுமுதல் அத்தச்சர் எந்த ஏழையின் குடிலுக்குச் சென்றாலும், கோல் எடுக்குமுன் அவ்வீட்டார் படுக்குமிடத்தில் தாமும் படுத்துப் பார்ப்பார். உறங்குதற்கு நல்ல சாக்கு என்று சமையற்கார அக்காள் ஏசுவாள். அவரோ கண்களைத் திறந்தபடியே கிடப்பார்.