மூன்று முறை அழைத்தோம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. என் வீட்டுக்குள் அலைபேசிக்குச் சிக்னல் வராது. புகார் செய்தேன். நான்காம் நாள் தெருமுனைக்குப் போனபோது ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது: ‘தங்கள் புகார் குறித்து மூன்று முறை அழைத்தோம். தங்கள் எண் தொடர்பில் இல்லை. புகார் முடிக்கப்பட்டது.’

தொடர்பில் இல்லை என்பதுதான் ஐயா புகாரே!

நின்ற இடத்திலேயே, மருந்துச் சீட்டின் பின்பக்கம் முதல் வரியை எழுதினேன்: ‘புகார்களை மூடும் அந்தப் பெண்ணுக்கு இதயம் என்ற உறுப்பு…’

(கைவிட்டேன். இந்த வயதில் இவ்வளவு மோசமான வரி உடம்புக்கு ஆகாது.)

2

மறுபடியும்.

புகார்களை மூடும் அந்தப் பெண்ணுக்குக் காது வலித்தது. ஹெட்போன் பஞ்சு கிழிந்து மாதக்கணக்காகிறது. கைக்குட்டையைச் சுற்றி மாட்டியிருந்தாள். புகாரைக் கேட்பதும் அவள்தான், மூடுவதும் அவள்தான். மூன்று முறை அழைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் மூடிவிடலாம். கிடைக்காதவர்கள் புண்ணியவான்கள். கிடைத்தவர்கள் திட்டினார்கள்.

(வில்லியாக்கத்தான் உட்கார்ந்தேன். அந்தக் கைக்குட்டையை எழுதித் தொலைத்த பிறகு முடியவில்லை.)

மூன்று மணிக்கு ஒரு தையல்காரப் பெண் கூப்பிட்டார். வீட்டிலேயே தைப்பவர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியருகே நின்றால் மட்டும் அவர் போன் பேசும்.

“ஏம்மா, எனக்கு டவரே வேண்டாம். தப்பு எங்க மேலதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்.”

“எதுக்கு மேடம்?”

“எங்கண்ணனுக்குக் காட்ட. ஆறு வருஷமா பேச்சு இல்ல. போன ஞாயித்துக்கிழமை அவரா இறங்கி வந்து மூணு தடவை கூப்பிட்டிருக்கார். ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லிடுச்சாம் உங்க ரெக்கார்டு. ‘என் நம்பரைப் பாத்ததும் அணைச்சுட்டா’ன்னு சித்தி மககிட்ட புலம்பியிருக்கார். இப்ப நான் கூப்பிட்டா எடுக்கமாட்டேங்கிறார். கடல் தாண்டி இருக்கார், ஓடிப்போய் நிக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை நெஞ்சுல ஆபரேஷன்மா அவருக்கு.”

“எழுதிக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல மேடம்.”

“யாருக்கு இருக்கு?”

“அப்படி ஒருத்தரை நான் இன்னும் பாத்ததில்ல மேடம்.”

(இங்கே கதை இரண்டு நாள் நின்றுபோனது. நல்லவராக ஒரு மேலதிகாரியைக் கொண்டுவரப் பார்த்தேன். லிஃப்ட் வரைக்கும் வந்தார். நானே நம்பவில்லை; திருப்பி அனுப்பிவிட்டேன்.)

3

அவள் திரையில் பழைய பதிவுகளைத் தள்ளிப் பார்த்தாள். ஒரே புகார், பதினொரு முறை மூடப்பட்டிருந்தது. ஏழு முறை அவள் கையால். ஞாயிற்றுக்கிழமையும் அவள்தான். ஒரு நிமிடம் காதுவலி மறந்துபோனது.

“அக்கா,” என்றாள். (பேச்செல்லாம் பதிவாகும், ‘மேடம்’ தவிர வேறு வார்த்தை கூடாது.) “ஞாயித்துக்கிழமை நாங்க அனுப்பின மெசேஜைக் கொஞ்சம் படிங்க.”

“அந்தக் கண்றாவியையா? ‘மாலை ஐந்து மணி. மூன்று முறை அழைத்தோம். தங்கள் எண் தொடர்பில்…’”

பாதியில் நிறுத்தி, அதே வரியை முதலிலிருந்து மறுபடி படித்தார்.

“அண்ணன் எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்?”

“அஞ்சே கால்.”

“கம்பெனிக்கே நீங்க கிடைக்கலக்கா. இதுக்கு மேல என்ன எழுதிக் குடுக்கணும்?”

“அடிப்பாவி! பதினோரு தடவையும் வயிறெரிஞ்சு சாபம் விட்டேனே!”

“என் காதுல வந்து சேந்துடுச்சுக்கா. எல்லா மெசேஜையும் அண்ணனுக்கு அனுப்புங்க. இன்னிக்கும் மூடித்தான் ஆகணும், பன்னெண்டாவது மெசேஜும் வந்துடும். கீழ போய் மிஷின்ல உக்காருங்க, மூணு தடவை கூப்பிடறேன். எடுத்துடாதீங்க.”

“வந்தாத்தானே எடுக்க!”

4

முடிவு ஒன்று: மூன்றாவது அழைப்பில், இத்தனை நாள் வராத சிக்னல் வந்து தொலைக்கிறது. போன் கணகணவென்று… (வேண்டாம். படித்தால் நானே என்னை அடிப்பேன்.)

முடிவு இரண்டு: பன்னிரண்டு செய்திகளையும் படித்த அண்ணன் கண் கலங்கி… (அண்ணன்கள் அவ்வளவு சுலபத்தில் கலங்க மாட்டார்கள். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் என் தங்கையை மூன்று முறை அழைத்தேன். ஸ்விட்ச் ஆஃப் என்றது. நான்காவது முறை அழைக்கவில்லை.)

ஆகவே, எனக்குத் தெரிந்த வரை இவ்வளவுதான். வியாழன் மாலை. செய்திகள் போய்ச் சேர்ந்துவிட்டன. அண்ணன் படித்துவிட்டதற்கு அடையாளமாக வாட்ஸ்அப்பில் நீலக்கோடுகளும் விழுந்துவிட்டன. தையல்கார அக்கா தொட்டியருகே ஸ்டூல் போட்டு, மடியில் ஒரு சட்டையோடு, போட்ட காஜாவையே மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் தெருமுனை வரை போய்விட்டு வருகிறேன். எனக்கு அங்கேதான் சிக்னல். வர நேரமானால் மிச்சத்தை நீங்களே எழுதிவிடுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அண்ணனை மட்டும் மூன்று முறையோடு நிறுத்திவிடாதீர்கள்.