ஜன்னலில் விழுந்த பட்டாணி

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ரேடியோ கிடையாது. அதற்குப் பதில் கௌஸ் மொய்தீன் பாய் இருந்தார். ஏறி உட்காருவதற்குள் ஆரம்பித்துவிடுவார். ஆஸ்திரேலியாவில் ஈமு பறவைகளை விரட்ட ராணுவம் எந்திரத் துப்பாக்கியோடு போனதாம், கடைசியில் பறவைகள்தான் ஜெயித்தனவாம். சான்சிபாரில் ஒரு போர், நாம் கேன்டீனில் சாப்பிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

டிரைவர் திம்மப்பன் அண்ணன் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார். "ஏம்ப்பா, நீ பாத்தியா?"

பஸ்ஸே சிரிக்கும். பாயும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நல்ல கதையை இப்படியா கெடுப்பது?

பாயின் மனைவி வஜிஹா பிரசவத்துக்காகக் கிருஷ்ணகிரியில் அம்மா வீட்டுக்குப் போனாள். அன்றைக்குப் பிடித்தது சனி. பாய் படுத்தால் கட்டை. போன் அலாரம் அவருக்குத் தாலாட்டு. இத்தனை நாளும் வஜிஹாதான் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறாள். அவள் போனதும் பாய் அடிக்கடி பஸ்ஸைத் தவறவிட்டார். இன்னொரு தடவை லேட்டானால் இந்த வருஷம் வேலை நிரந்தரம் ஆகாது என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். குழந்தை பிறக்கப்போகிற நேரத்தில் இது வேறு.

திங்கட்கிழமை காலை அவர் வீட்டு முன்னால் பஸ் நின்றது. பாயைக் காணோம். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஹாரன் அடிக்க முடியாது. தெருக்காரர்கள் புகார் செய்ததில், இனி அடித்தால் அந்த ஸ்டாப்பே இருக்காது என்று கம்பெனி சொல்லியிருந்தது. நின்றால் எங்களுக்கும் லேட்தான். ஆனால் 'வண்டியை எடுங்க' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நான் பையைத் திறந்தேன். போன வாரம் பாய் சொன்ன கதைதான். அந்தக் காலத்து லண்டனில் ஒரு அம்மா, ரப்பர் குழாயில் காய்ந்த பட்டாணியை வைத்து ஜன்னலில் ஊதி, வேலைக்குப் போகிறவர்களை எழுப்புவாராம். பட்டாணியும் ஒரு துண்டுக் குழாயும் அன்றிலிருந்தே என் பையில் இருந்தன.

இறங்கிப்போய், பாய் தூங்கும் மாடி அறை ஜன்னலைக் குறிவைத்து ஊதினேன். பட்டாணி சுவரில் பட்டுத் திரும்பி, பின்னாலேயே இறங்கி வந்திருந்த திம்மப்பன் அண்ணனின் வழுக்கையில் விழுந்தது.

"கொடு இப்டி!" என்று பிடுங்கினார். கன்னம் உப்ப ஒரே ஊது. திறந்திருந்த மாடி ஜன்னலுக்குள் போனது பட்டாணி.

"யா அல்லா!" என்று உள்ளே ஒரு அலறல்.

பாய் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்து ஏறினார். பஸ் பறந்தது. சிப்காட் தொழிற்பேட்டை கேட் தெரிந்தபோது ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்போதுதான் பாய்க்கு மூச்சே வந்தது.

"இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியா பாய்?" என்றேன்.

அவர் மாற்றிப் போட்ட பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட ஆரம்பித்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னிக்கு நான் சொல்றேன்," என்றார் திம்மப்பன் அண்ணன். "ஓசூர்ல ஒரு கம்பெனி பஸ்ஸாம். அதுல வர்றவன் ஒருத்தன் தூங்கிட்டானாம். அவன விட்டுட்டுப் போக யாருக்கும் மனசு வரலியாம்."

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏண்ணா, நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்டா," என்றார் அண்ணன். "நான்தான் வண்டி ஓட்டுனேன்."