ஐவின்டின் அட்டை

1

நூற்றைம்பது நாட்கள். நாட்டைப் போருக்கு வெளியே வைத்திருந்தவர் என்று சொல்லி ஓட்டுக் கேட்ட குடியரசுத் தலைவர் 1916 நவம்பர் ஏழில் மறுபடி வென்றார். 1917 ஏப்ரல் ஆறில் அமெரிக்கா போருக்குள் இருந்தது. இந்தக் கதை அந்தக் கழித்தல் கணக்கிலிருந்து வந்தது. அதில் ஆட்கள் இல்லை. ஆளைப் பிறகுதான் தேடினேன்.

2

முதல் தொடக்கம்: ராக்னா ப்ரெக்கே ஜன்னல் வழியே மினசோட்டாவின் பனி உருகுவதைப் பார்த்தபடி...

(இல்லை. அவளுக்கு நேரமில்லை.)

இரண்டாவது: ஒரு தேசம் தன் மனத்தை மாற்றிக்கொள்ள எத்தனை...

(இது கட்டுரை.)

மூன்றாவது நிற்கிறது. ஏப்ரல் நான்கு, புதன்கிழமை காலை. தீவனக் கடைக்கு மேலே, தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருடைய மாடி அலுவலகத்தில் ராக்னா அஞ்சலட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். போரில் சேரலாமா என்று தொகுதி உறுப்பினர் வாக்காளர்களிடம் கேட்டிருந்தார். அட்டையில் இரண்டு கட்டங்கள்: சேரலாம், வேண்டாம். மறுநாள் மதியத்துக்குள் எண்ணிக்கை தந்தியில் வாஷிங்டன் போக வேண்டும். நான்கு கோடுகள், குறுக்கே ஐந்தாவது. ‘வேண்டாம்’ பக்கம் தாள் நிறைந்து வழிந்தது.

(ராக்னாவுக்கு அட்டை வரவில்லை. பெண்களுக்கு ஓட்டு இல்லை.)

3

அவளுக்கு ஒரு தம்பி, ஐவின்ட், இருபத்திரண்டு வயது. வடக்கே மரம் வெட்டும் முகாமில் இருக்கிறான் என்று அப்பா ஹால்வர் நம்புகிறார். ஐவின்ட் முகாமில் இல்லை. ஓராண்டுக்கு முன்பே எல்லை தாண்டி வின்னிபெக் போய், ஏற்கெனவே போரில் இருந்த கனடாக்காரர்களின் படையில் சேர்ந்துவிட்டான். வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று ராக்னாவின் அலுவலக முகவரியைக் கொடுத்திருந்தான். செப்டம்பர் கடைசியில் அந்த முகவரிக்கு ஒரு தந்தி வந்தது. அதில் இருந்ததை இன்னும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

அப்பாவுக்குக் கண் மங்கல், பொடிக் கையெழுத்து தெரியாது. மாதம் ஒருமுறை ராக்னா முகாமிலிருந்து வந்த கடிதம் என்று ஒன்றை வாசிப்பாள். அவளே எழுதியதுதான். பனி, குதிரைகள், சமையல்காரனின் மோசமான காப்பி. எழுதி, அடித்து, மறுபடி எழுதுவாள். அடித்த வரிகள் அடுப்புக்குப் போகும்.

(இந்த இடத்தில் அவளைச் சந்தேகப்பட்டேன். ஆறு மாதம் ஒருத்தி இப்படி இருப்பாளா? இருப்பாள். போர் நம்முடையதல்ல என்று ஊரே சொல்லும்போது அவள் எந்த வீட்டுக்குப் போய் அழுவாள்?)

4

பத்து மணிக்கு ஹால்வர் படியேறி வந்தார். கையில் இரண்டு அட்டைகள்.

“என்ன ஹால்வர், மாட்டுக்கும் சேர்த்து ஓட்டுப் போடப் போறீங்களா?” என்றார் செயலர் ப்ரூயிட்.

“என் மாட்டுக்கு உங்க கட்சியவிட புத்தி ஜாஸ்தி. அது போடாது.”

ப்ரூயிட் சிரித்துக்கொண்டே தந்தி அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

“இது என்னுது, வேண்டாம்னு போட்டாச்சு” என்றார் ஹால்வர். “இது ஐவின்டோடது. வீட்டுக்கு வந்திருச்சு. நீயே போட்டுரு.”

பழைய வாக்காளர் பட்டியலைப் பார்த்து அட்டை அனுப்பியவள் ராக்னாதான். நானூறு முகவரிகளுக்கு நடுவே தம்பியின் பெயரையும் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். எழுதும்போது அவளுக்கு உறைக்கவில்லை.

“அவனைக் கேக்காம எப்படிப்பா?”

“கேக்க என்ன இருக்கு? போன லெட்டர்லகூட சண்டை வேண்டாம்னுதானே எழுதியிருந்தான்?”

எழுதியிருந்தான்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. அவள் ‘வேண்டாம்’ என்று குறிக்கிறாள். அப்பா நிம்மதியாக வீடு திரும்புகிறார். அடுத்த மாதமும் கடிதம் வருகிறது.

ஆ. ‘சேரலாம்’ என்று குறிக்கிறாள். அவன் தானாகத்தான் போனான். அப்பா அட்டையைப் பிடுங்கி...

இ. அட்டை மேசைக்கு அடியில் விழுந்து...

மூன்றிலும் அவன் பேரில் வேறொருவர் பேசுகிறார். கடிதங்களில் அவளும் இங்கே நானும் அதைப் போதுமான அளவு செய்துவிட்டோம். நான்காவது ஒன்று இருக்கிறது. அதில் எனக்குக் கேட்பது கீழே உள்ள இவ்வளவுதான். அதற்குப் பிறகு அப்பா என்ன பதில் சொன்னார், எத்தனை நேரம் நின்றார், படியில் எப்படி இறங்கினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ராக்னா பென்சிலைக் கீழே வைத்தாள்.

“என்னம்மா யோசனை? போடு. இந்த மாவட்டத்துல ஒருத்தன்கூட அந்தச் சண்டையில சாகல. சாகவும் விடமாட்டோம்.”

“ஒருத்தன் செத்துட்டான்ப்பா.”

“யாரு?”

“நம்ம ஐவின்ட். செப்டம்பர் பதினஞ்சு. பிரான்ஸ்ல.”