மணவாளனுக்காக நான் கொடுத்த ஒரு சொட்டு

1

இந்தக் கதை என் இடது கை மோதிர விரல் நுனியிலிருந்து வந்தது. ஊசி குத்திய இடம் மறுநாளே ஆறிவிட்டது. கதைதான் ஆறவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பூந்தமல்லி பக்கம் மணவாளன் என்றொரு நல்லவன்’... வேண்டாம். ‘ஒரு கெட்டவன்’... அதுவும் வேண்டாம். என்னோடு, கான்கிரீட் கொட்டப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலை செய்கிறவன். பலகை தூக்கும்போது பாரமான முனையை அவனே எடுத்துக்கொள்வான். அதுதான் சிக்கல்.

2

பாரிவாக்கத்தில் அடுக்குமாடி கட்டுகிறோம். காலையில் மேஸ்திரி பெயர் கூப்பிடும்போது, டீக்கடையில் நிற்பவனுக்காகப் பக்கத்தில் இருப்பவன் “கீறேன்”, அதாவது ‘இருக்கிறேன்’, என்று குரல் கொடுப்பான். (யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. நானும்தான்.)

மணவாளன் மனைவி ராஜகுமாரிக்கு ஐந்தாம் மாதம். சுகாதார நிலையத்தில் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன அட்டையில் விட்டுப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்று தெரிந்துவிட்டது. பெனிசிலின் ஊசியும் அன்றே தொடங்கியாயிற்று.

“குழந்தையைக் காப்பாத்திடலாம்மா. ஆனா வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. அவருக்கு வைத்தியம் பாக்கலேன்னா உனக்குத் திரும்ப வந்துடும், குழந்தைக்கும் போயிடும்” என்றாராம் ரெனிதா சிஸ்டர்.

3

“நீ போ மாமே” என்றான் மணவாளன்.

“உன் ரத்தத்துக்கு நான் எப்டிடா போறது?”

“மேஸ்திரி கூப்ட்டா கொரல் குடுக்கிற இல்ல? அதே மாரிதான். ஞாயித்துக்கிழம தவறாம சர்ச்சுக்குப் போற ஆளு நீ, உன் ரத்தத்துல ஒண்ணியும் இருக்காது. ஒரு சொட்டு போனா எளச்சிடுவியா?”

(இங்கே நான் மறுத்துவிட்டதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.)

போனேன். சிஸ்டர், “மணவாளன்!” என்று கூப்பிட்டார்.

“கீறேன்.”

“பலகை அடிக்கிற கை, இந்த ஊசிக்கா இப்படி இழுத்துக்கிறீங்க?” என்று சிரித்தார்.

அட்டையில் ஒரு கோடுதான் வந்தது. நோய் இல்லை. “இருந்தாலும் சம்சாரத்துக்கு இருக்கறதால நீங்களும் ஊசி போட்டுக்கணும்” என்றார். நாளைக்கு வருவதாக நழுவினேன். நோட்டில் கையெழுத்துக் கேட்டார். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றவன் நான். கைநாட்டே வைத்திருக்கலாம். பெருமைக்காக எழுதினேன்: மணவாளன்.*

‘நோய் இல்லை’ என்று சிஸ்டர் எழுதித் தந்த சீட்டைக் கொண்டுபோய் மணவாளனிடம் கொடுத்தேன்.

* ஓர் எழுத்தும் கோணவில்லை.

4

மூன்றாம் நாள், குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் ராஜகுமாரி துணிப்பையோடு நின்றாள்.

“அவருக்கு ஒண்ணியும் இல்லியாம்ணா. சீட்டக் காட்டுறாரு. அப்போ உனக்கு மட்டும் எங்கேந்து வந்துச்சின்னு கேக்குறாரு. அம்மா ஊட்டுக்குப் போறேன்.”

“அடுத்த ஊசி?”

“புதன்கிழம. வந்துடுவேன். புள்ளைக்காச்சும் வரணும் இல்ல?” பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். “அவர வுட்டா வேற ஆம்பளையே தெரியாதுணா எனக்கு.”

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்து... இல்லை. பஸ் வர நேரம் இருந்தது. நான்தான் சொல்லவில்லை.

5

முடிவு ஒன்று: மணவாளன் அழுதுகொண்டே வந்து ஊசி போட்டுக்கொள்கிறான். எழுத ஆசைதான்.

முடிவு இரண்டு: அவன் சொல்லாமல் வேறு சைட்டுக்கு...

போதும். நடந்ததை எழுதுகிறேன்.

புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. சுகாதார நிலையத்துப் பெஞ்சில் ராஜகுமாரி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் சிஸ்டர், “வாங்க மணவாளன், நாளைக்குன்னு சொல்லிட்டுப் போனவர்தானே?” என்றார்.

ராஜகுமாரி நிமிர்ந்தாள். சிஸ்டரைப் பார்த்தாள். பிறகு என்னை.

“நான் அருள்தாஸ், சிஸ்டர். மணவாளன் இன்னும் வரல.”

நோட்டை வாங்கி, நான் எழுதிய பெயரை நானே அடித்தேன். ராஜகுமாரி என் பக்கம் திரும்பினாள்.

“அவருக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு.” இந்தமுறை ‘அண்ணா’ இல்லை.

போட்டேன். மணி அடித்தது.

அவன் எடுத்தானா, வந்தானா என்று கேட்பீர்கள். அவனுக்காக ஒருமுறை நான் குரல் கொடுத்தது போதும். அந்தப் பக்கத்திலிருந்து “கீறேன்” என்று அவன்தான் சொல்ல வேண்டும்.