ரேகைகளுக்கு நடுவே

பூதக்கண்ணாடியை ரேகை ஒற்றிய அட்டையின் மேல் வைத்துக் கால் மணி நேரத்தில் எனக்கு வேலை முடிந்துபோயிற்று. ரேகை கார்னெட் ஸ்பென்ஸுடையதுதான். வலது கை ஆள்காட்டி விரல். போலீஸ் ஆய்வகத்தில் என் பழைய கூட்டாளி வால்டர் சொன்னதும் அதே, அவனுக்குப் பின் சரிபார்த்தவர் சொன்னதும் அதே.

"சரியா இருந்தா ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க மார்லீன்," என்றாள் கார்னெட்டின் வக்கீல் ஜெனெல். "திருட்டுப்போன மருந்துக்கடை அலமாரிக்குள்ள அவன் விரல் இருந்திருக்கு. அவனுக்கோ அன்னிக்குக் குடிச்சது மட்டுந்தான் ஞாபகம். திங்கக்கிழமை குத்தத்தை ஒத்துக்கப்போறான். நாலு வருஷம் உள்ளயே கெடப்பான்."

"ஒத்துக்கறவனுக்கு நான் எதுக்கு?"

"என் மனசு கேக்கல. அவ்வளவுதான்."

எனக்கு மனசு அவ்வளவு இளகினதில்லை. வேடிக்கை பார்க்கிற புத்திதான் ஜாஸ்தி. போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாக இந்த மறுஆய்வில் இறங்கியதே, அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்கக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்களே என்றுதான். ரேகையைப் பார்த்தாயிற்று, ரேகை இல்லாத இடத்தையும் பார்த்துவிடுவோமே என்று கண்ணாடியை நகர்த்தினேன். கோடுகளுக்கு நடுவே ரவை தூவினாற்போல் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அட்டையில் வால்டரின் கையெழுத்தில் 'அலமாரி, உள்பக்கக் கண்ணாடி' என்றிருந்தது. கண்ணாடியில் கரும்பொடி தடவி டேப்பில் ஒற்றி எடுத்தால் பின்னணி வெறுமையாக, பளிச்சென்று இருக்கும். இந்த ரவை எங்கிருந்து வந்தது?

மறுநாள் ஜெனெலையும் இழுத்துக்கொண்டு அந்த மருந்துக்கடைக்குப் போனேன். அலமாரிக் கண்ணாடியில் என் விரலைப் பதித்து எடுத்தேன், சுத்தம். பிறகு வாடிக்கையாளர் நிற்கும் பக்கம், சொரசொரப்பான பிளாஸ்டிக் மேடையில் பதித்து எடுத்தேன். அதே ரவை! "பாத்தியா, பாத்தியா!" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

ஜெனெல் சிரிக்கவில்லை. "வால்டர் பொய் எழுதினாரா?"

"சேச்சே, அவன் அப்படிப்பட்ட ஆளில்ல."

சொல்லும்போதே காரணம் புரிந்துவிட்டது. திருட்டு நடந்தது ஜனவரியில். வின்னிபெக்கின் உறைபனி ஜனவரியில், கதவு உடைந்து கிடக்கும் கடைக்குள் பேனா எழுதாது, விரலும் மடங்காது. அதனால் முதலில் எல்லாவற்றையும் ஒற்றி எடுத்துக்கொண்டு, வேனுக்குள் ஓடிவந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, எது எங்கே எடுத்தது என்று ஞாபகத்திலிருந்து எழுதுவோம். ஒன்றை மாற்றி எழுதிவிட்டால் அப்புறம் கண்டுபிடிக்க யாருமில்லை. சரிபார்க்கிறவர்கள் ரேகையைத்தான் பார்ப்பார்கள்.

அன்று சாயங்காலமே, விசாரணைக் கைதியாக அவனை வைத்திருந்த சிறைக்குப் போய், திங்கட்கிழமை எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று ஜெனெல் கார்னெட்டிடம் சொன்னாள். நான் அட்டைகளைக் காட்டி விளக்கினேன்.

"அப்போ எனக்குத் தண்டனை இல்லியா மேடம்?" வேறு யாரைப் பற்றியோ விசாரிப்பதுபோல் கேட்டான்.

"அது எனக்குத் தெரியாதுப்பா. இந்த விரல் வெளிய மேடையில பட்டது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"தலைவலி மாத்திரைக்கு அடிக்கடி போவேன்." அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அஞ்சு மாசமா நான்தான் திருடினேன்னு நானே நம்பிட்டிருந்தேனே!"

வேனுக்குள் எழுதும் பழக்கத்தைச் சொன்னேன். நானும் அப்படித்தான் எழுதினேன் என்பதையும் சொன்னேன்.

"எத்தனை வருஷம்?"

"பத்தொம்பது குளிர்காலம். அதுல எத்தனை அட்டையை மாத்தி எழுதினேனோ, தெரியாது."

மேஜைமேல் அவன் வலது கை மல்லாந்து, என் பக்கமாக விரிந்தபடி கிடந்தது.